ஏற்றத்துக்கு பஸ், இறக்கத்துக்குக் கால்: தொலேதோவில் ஒரு பகல்

யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பா போகிறவர்களின் பயணம் பெரும்பாலும் சொந்தக்காரர் வீடுகளைச் சுற்றியே அமையும். பாரிசில் ஒரு கிழமை, சூரிச்சில் ஒரு கிழமை என்று நாட்கள் போய்விடும். இடையில் பழைய பள்ளிக்கூடக் கூட்டாளிகள் நாலைந்து பேர் ஒன்றுசேர நினைத்தால், யாரோ ஒருவருடைய வீட்டில் போய் இறங்கி வீட்டுக்காரியை அடுப்படியில் நிற்க வைப்பதைவிட எல்லோருக்கும் பொதுவான ஒரு ஊரில் சந்திப்பது புண்ணியம். ஸ்பெயினின் தலைநகர் மட்ரிட் அதற்குத் தோதான இடம். ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து நேர் விமானம் உண்டு. தங்குமிடமும் சுவிசோடு ஒப்பிட்டால் மலிவு. அங்கே மூன்று நாள் நிற்பதென்றால் ஒரு முழு நாளைத் தொலேதோவுக்குக் கொடுக்கலாம்.

விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சுவிஸ், பிரான்ஸ், ஜெர்மன் வதிவிட அட்டை உள்ளவருக்கு அந்த அட்டையும் கடவுச்சீட்டும் போதும். சிக்குப்படுவது லண்டன்காரர்தான். பிரித்தானியக் கடவுச்சீட்டு இன்னும் எடுக்காமல் வதிவிட உரிமையோடு மட்டும் இருப்பவருக்கும் தனி ஷெங்கன் விசா தேவை. குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் விமான ரிக்கற் போட முன்னரே கேட்டுவிடுங்கள்.

தொலேதோ மட்ரிட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 70 கிலோமீற்றர். ஒரு பாறைக் குன்று. அதை மூன்று பக்கமும் தாஹோ ஆறு ஆழமான பள்ளத்தில் வளைத்து ஓடுகிறது. நாலாவது பக்கம் மதில். 6ஆம் நூற்றாண்டில் விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்து அரசர்களின் தலைநகரம், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து முஸ்லிம் ஆட்சி, 1085இல் ஆறாம் அல்போன்சோ கைப்பற்றிய பிறகு கஸ்தீலிய அரசின் முக்கிய நகரம். 1561இல் இரண்டாம் பெலிப்பே அரசவையை மட்ரிட்டுக்குக் கொண்டுபோனார். அதோடு இங்கே காசு வற்றியது. இடித்துப் பெரிதாகக் கட்ட ஆளில்லாமல் பழைய ஒழுங்கைகள் அப்படியே தப்பின. 1986இல் யுனெஸ்கோ முழுப் பழைய நகரத்தையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு நாளில் தொலேதோ சரிவராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பேராசை. பார்க்கக்கூடிய தேவாலயம், மசூதி, யூத ஆலயம், அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்தால் இருபதைத் தாண்டும். எட்டுக்குள் நுழைந்து எட்டையும் மறப்பதைவிட நாலைந்தை வடிவாகப் பார்ப்பது நல்லது. இந்தப் பதிவில் சொல்லப்படாத இடங்கள் மோசம் என்று அர்த்தமில்லை. ஒரு பகலுக்குள் அவை அடங்காது, அவ்வளவுதான்.

எந்த நாள், எந்த ரயில்

திங்கட்கிழமை போகவேண்டாம். அரச அருங்காட்சியகங்களான திரான்சித்தோ யூத ஆலயமும் ஓவியர் எல் கிரேக்கோவின் அருங்காட்சியகமும் அன்று பூட்டு. ஞாயிறு காலையில் பேராலயத்தில் பூசை நடப்பதால் பார்வையாளரை மத்தியானத்துக்குப் பிறகுதான் விடுவார்கள். சனிக்கிழமை மட்ரிட் முழுவதும் அங்கேதான் நிற்கும். ஆகவே செவ்வாயிலிருந்து வியாழன் வரை. மாதம் என்றால் ஏப்ரல், மே, ஒக்டோபர். யூலை, ஓகஸ்ட் பின்னேர வெயில் 38, 40 பாகைக்குப் போகும். "எங்களுக்குத் தெரியாத வெயிலா" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எங்களுடைய வெயிலில் கடற்காற்று இருக்கிறது, வேப்பமர நிழலும் இருக்கிறது. அங்கே கருங்கல் நிலமும் கல் மதிலும் சூட்டைப் பிடித்துவைத்துத் திருப்பி அடிக்கும். காற்றில் ஈரமே இல்லாததால் வியர்ப்பது தெரியாது. தண்ணீர் குடிக்க மறந்து பின்னேரம் தலையிடியோடு குந்தியிருப்பவர்களில் எங்கட ஆட்களும் உண்டு.

வியாழக்கிழமைகளில் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. உயிர்த்த ஞாயிறு கழிந்து 60ஆம் நாள் வரும் கோர்ப்புஸ் கிறிஸ்தி என்ற கத்தோலிக்கத் திருநாள். நல்லூர்த் தேருக்கு முதல் நாள் யாழ்ப்பாணம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அன்று தொலேதோ. வீதிக்கு மேலே துணிப்பந்தல், நிலத்தில் மணக்கும் மூலிகை இலைகள், பல்கனிகளில் பட்டுத் துணி. திருவிழா பார்ப்பதுதான் நோக்கமென்றால் அந்த நாளுக்கென்றே போகலாம். கட்டடங்கள் பார்ப்பது நோக்கமென்றால் அந்தக் கிழமையையே தவிர்க்க வேண்டும்.

ரயில் மட்ரிட் அத்தோச்சா நிலையத்திலிருந்து புறப்படுகிறது. அவான்த் என்ற வேக ரயில், 33 நிமிடப் பயணம். ஒரு வழிக்கு ஏறக்குறைய 14 யூரோ, போகவர ஒன்றாக எடுத்தால் கொஞ்சம் குறையும். கொழும்பு ரயிலில்போல நின்றுகொண்டு போகிற கதை இல்லை. எல்லாம் இலக்கமிட்ட இருக்கைகள், நிரம்பினால் நிரம்பியதுதான். காலை ஒன்பது மணிக்குக் கிட்டிய ரயில்கள் முதலில் தீரும் என்பதால் சில நாட்கள் முன்பே எடுத்துவிட வேண்டும். வாங்கும்போது ஒவ்வொருவரின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் கேட்கும். குழுவில் ஒருவரிடம் எல்லோருடைய இலக்கமும் இருக்கட்டும். வெளிநாட்டு வங்கி அட்டை இணையத்தில் சிலவேளை ஏற்காது. இரண்டாவது அட்டையால் முயலலாம், அல்லது நிலையத்திலுள்ள இயந்திரத்தில் எடுக்கலாம்.

அத்தோச்சா மிகப் பெரியது. மெத்ரோவில் வந்து இறங்கும் இடத்திலிருந்து வேக ரயில் வாசலுக்கே பத்து நிமிடம் நடக்க வேண்டும். வாசலில் பைகளை ஸ்கான் பண்ணும் வரிசை, அதற்குப் பிறகு ரிக்கற் பார்க்கும் வரிசை. ரயில் புறப்படுவதற்குச் சற்று முன் கதவை மூடிவிடுவார்கள். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் கட்டாயம் கோப்பி வாங்கப் போவார். ஆகவே புறப்பட 30 நிமிடம் முன்னரே அங்கே நிற்பது என்று பேசிக்கொள்ளுங்கள்.

ரயில் ரிக்கற் தீர்ந்துவிட்டால் பஸ். மட்ரிட்டின் பிளாசா எலிப்திக்கா மெத்ரோ நிலையத்துக்குக் கீழேயே பஸ் நிலையம் இருக்கிறது. ரயில் காசில் பாதியளவும் வராது, முன்பதிவும் அவசியமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நேர் பஸ் ஒரு மணித்தியாலத்தில் போகும். ஊர்களுக்குள் நுழைந்து போகும் பஸ் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கும். "தீரெக்தோ" என்று எழுதியிருப்பதில் ஏறுங்கள்.

குன்றில் ஏறுவது

தொலேதோ ரயில் நிலையமே ஒரு காட்சி. 1919இல் பழைய ஸ்பானிய முஸ்லிம்களின் மூரிஷ் பாணியைப் பின்பற்றிக் கட்டியது. செங்கல் வேலைப்பாடு, குதிரைலாட வளைவுகள், உள்ளே மர விதானம். வந்திறங்கும்போது எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். திரும்பிப் போகும்போது ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீழே இருக்கிறது, நகரம் மேலே. நடந்தால் அல்கந்தாரா பாலத்தால் 20, 25 நிமிடம். படத்துக்கு அழகான வழிதான். ஆனால் கடைசிப் பகுதி முழுவதும் படியும் ஏற்றமும். முழங்கால் நோ உள்ள ஒருவர் குழுவில் இருந்தால் அவருடைய நாள் காலை பத்து மணிக்கே முடிந்துவிடும். நிலைய வாசலில் நிற்கும் நகர பஸ்ஸில் ஏறி சொக்கொதோவேர் சதுக்கத்தில் இறங்குங்கள். நாலு பேர் என்றால் ராக்சியும் பரவாயில்லை. மதிலின் வடக்குப் பக்கம், பிசாக்ரா வாசலுக்குக் கிட்ட, குன்றுக்குள் குடைந்து மின்படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். காசில்லை. பஸ் நிலையப் பக்கமும் அப்படி ஒன்று உண்டு. மேலே பஸ்ஸில் போய், பகல் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காக இறங்கிக்கொண்டே வருவதுதான் இந்த ஊரைக் கால் நோகாமல் பார்க்கும் வழி.

பிசாக்ரா வாசலால் வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று மேலே பார்க்கலாம். வளைவுக்கு மேலே இரட்டைத் தலைக் கழுகு செதுக்கிய மிகப் பெரிய சின்னம். அது சக்கரவர்த்தி கார்லோசினுடையது. அவருடைய மகன்தான் மேலே சொன்ன இரண்டாம் பெலிப்பே. 1580இல் போர்த்துக்கல் முடியும் அவர் கைக்கு வந்தது. 1640 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர். 1619இல் போர்த்துக்கேயர் சங்கிலியனைப் பிடித்து யாழ்ப்பாண இராச்சியத்தை முடித்தபோது அந்த முடியை வைத்திருந்தவர் மூன்றாம் பெலிப்பே, அதாவது இந்தக் கழுகுக்காரரின் பேரன். எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில் போர்த்துக்கேயர் என்று மட்டும் படித்ததால் மட்ரிட்டிலிருந்த அரசர் எங்கள் கண்ணுக்குப் படுவதில்லை.

சப்பாத்தைப் பற்றி இரண்டு வசனம். வீதியெல்லாம் உருண்டைக் கல் பதித்தது, நூற்றாண்டுக் கணக்கில் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். மழை தூறினால் தோல் அடிச் சப்பாத்து வழுக்கும், செருப்பில் குதி நோகும். ரப்பர் அடி உள்ள பழகிய சப்பாத்துதான் சரி. பயணத்துக்கென்று புதிதாக வாங்கியது வேண்டாம்.

இன்னொன்று, வழி தவறுவது. தவறும். ஒழுங்கைகள் ஒடுக்கம், வீடுகள் உயரம், அதனால் கைபேசி வரைபடத்தில் நீலப் புள்ளி பக்கத்து ஒழுங்கைக்குப் பாயும். இரண்டு ஒழுங்கைகள் வரைபடத்தில் ஒட்டியிருந்தாலும் நிலத்தில் ஒன்று மற்றதைவிடப் பத்து மீற்றர் கீழே கிடக்கும். பிரிந்தால் சந்திக்க ஒரு இடம் வைத்துக்கொள்ளுங்கள். சொக்கொதோவேர் சதுக்கத்தில் மணிக்கூடு வைத்த வளைவு ஒன்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே என்றால் யாருக்கும் குழப்பம் வராது.

எங்கே நுழைவது

ரிக்கற் கணக்கு இப்படி. பேராலயத்துக்குத் தனி ரிக்கற், பத்துப் பன்னிரண்டு யூரோ வரும். திரான்சித்தோவுக்குத் தனி, அது மலிவு. மற்றப்படி சாந்தோ தொமே, சாந்தா மரியா லா பிளாங்கா, கிறிஸ்தோ தெ லா லூஸ், சான் ஹுவான் தெ லொஸ் ரேயெஸ் உட்பட ஏழு இடங்களுக்குச் சேர்த்துக் கையில் கட்டும் பட்டி ஒன்று விற்கிறார்கள். தனித்தனியாக ஒவ்வொன்றும் 4 யூரோ அளவில் வரும், பட்டியின் விலையோ மூன்று நாலு இடத்துக் காசுதான். நாலாவது இடத்துக்குள் நுழையும்போது பட்டி லாபம். பட்டியில் பேராலயம் இல்லை என்பதை வாசலில் போய்த்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். பேராலய ரிக்கற்றும் வாசலில் தரமாட்டார்கள். வீதிக்கு எதிர்ப்பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு வரவேண்டும்.

இறங்கு வழி விதிக்கு ஒரே ஒரு விலக்கு, கிறிஸ்தோ தெ லா லூஸ். சொக்கொதோவேரிலிருந்து வடக்கே ஐந்தாறு நிமிடம் இறங்கித் திரும்ப ஏறவேண்டும். பரவாயில்லை, ஏறுங்கள். 999ஆம் ஆண்டு கட்டிய சின்ன மசூதி. பக்கத்துக்கு எட்டு மீற்றர் அளவுதான், எங்கட வீட்டு விறாந்தையும் முற்றமும் சேர்ந்தால் வரும் இடம். முகப்பில் செங்கல்லை வெளியே நீட்டியும் உள்ளே இழுத்தும் அரபு எழுத்தையே கட்டுமானமாக்கியிருக்கிறார்கள். கட்டிய ஆண்டும் கட்டியவர் பெயரும் அதில் இருக்கிறது. உள்ளே நாலு தூண்கள், தூண்களின் தலைகள் பழைய விசிகோத் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. மேலே ஒன்பது சிறு விதானங்கள். கழுத்து நோகப் பாருங்கள். ஒன்பதிலும் வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும் விதம் வெவ்வேறு. பிறகு அதைத் தேவாலயமாக்கிப் பின்பக்கம் ஒரு அரைவட்டத்தை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று வெளியே நின்று பார்த்தால் தெரியும்.

பேராலயத்துக்கு ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும். 1226இல் தொடங்கி 1493இல் முடித்தது. தோள் மூடிய உடுப்பு, ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் தலை சுற்றும், மூன்றைப் பாருங்கள். பாடகர் இருக்கைகளின் கீழ் வரிசையில் 54 மரச் செதுக்கல்கள். ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடாவுக்கு எதிரான போரில் ஒவ்வொரு கோட்டையாக விழுவதைப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டியே செதுக்கத் தொடங்கியது. எங்களைப் போலப் போர் பார்த்த ஊர்க்காரர் அதன் முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நிற்பார்கள். அடுத்தது பீடத்துக்குப் பின்னால் இருக்கும் திரான்ஸ்பரெந்தே. அந்த மூலைக்கு வெளிச்சம் வரவில்லை என்பதற்காக நார்சிசோ தொமே என்ற சிற்பி நூற்றாண்டுகள் பழமையான கல் விதானத்தையே வெட்டித் திறந்து, அதைச் சுற்றிச் சிலைக் கூட்டத்தை அமைத்தார். 1732இல் முடிந்தது. வெயில் உள்ள நாளில்தான் அதன் வேலை புரியும். மூன்றாவது, கர்தினால்களின் கல்லறைகளுக்கு மேலே கூரையிலிருந்து தொங்கும் சிவப்புத் தொப்பிகள். தானாக உக்கி விழும்வரை அவற்றைத் தொடமாட்டார்கள்.

சாந்தோ தொமே ஒரு சின்னத் தேவாலயம். ரிக்கற் ஒரே ஒரு ஓவியத்துக்குத்தான். எல் கிரேக்கோ 1586இலிருந்து 1588வரை வரைந்த ஒர்காஸ் பிரபுவின் அடக்கம். உயரம் 4.8 மீற்றர், அகலம் 3.6 மீற்றர். வரைந்த நாளிலிருந்து அதே தேவாலயத்தில்தான் இருக்கிறது. காலை பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை பஸ்ஸில் வந்த குழுக்கள் மூன்று வரிசையாக நிற்கும், வழிகாட்டிகளின் குரல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். மட்ரிட்காரர் சாப்பிட உட்காரும் இரண்டு மணிக்குப் போனால் முன்வரிசை கிடைக்கும்.

முன்வரிசை ஏன் வேண்டும் என்றால், இந்தப் படத்தில் பார்க்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். கீழே இரண்டு புனிதர்கள் பிரபுவின் உடலைத் தாங்கிக் கல்லறையில் இறக்குகிறார்கள். இடப்பக்கம் இருப்பவர் ஸ்தேவான், கல்லெறிந்து கொல்லப்பட்டவர். அவருடைய பொன் அங்கியின் விளிம்பில் அந்தக் கல்லெறியே சித்திரத் தையலாக வரையப்பட்டிருக்கிறது. படத்துக்குள் ஒரு படம். வலப்பக்கம் முதுகு காட்டி நிற்கும் குருவின் மெல்லிய வெள்ளை மேலங்கிக்குள்ளால் கறுப்பு அங்கி தெரிகிறது. வெள்ளைச் சாயத்தால் துணியின் மெல்லிசை எப்படிக் காட்டினார் என்று ஓவியம் வரைகிறவர்கள் குனிந்து பார்ப்பது இங்கேதான். இடது மூலையில் பந்தம் பிடித்து எங்களைப் பார்க்கும் சிறுவன் ஓவியரின் மகன். அவன் பையிலிருந்து எட்டிப்பார்க்கும் கைலேஞ்சியில் ஓவியரின் கையொப்பமும் 1578 என்ற ஆண்டும். அது படம் வரைந்த ஆண்டு இல்லை, மகன் பிறந்த ஆண்டு. பிரபு செத்தது 1323இல். அவரைச் சுற்றி நிற்கும் கறுப்புடைக் கனவான்களோ ஓவியர் காலத்துத் தொலேதோ ஆட்கள். படம் எடுக்க விடமாட்டார்கள். நல்லது, பார்ப்பார்கள்.

அதிலிருந்து மேற்கே இறங்கினால் பழைய யூதர் பகுதி. திரான்சித்தோவை அரசர் முதலாம் பெத்ரோவின் திறைசேரி பார்த்த சாமுவேல் ஹலேவி 1357 அளவில் கட்டினார். மேல் சுவர் முழுவதும் சுண்ணச் சாந்து வேலை. எபிரேய வசனங்கள் ஓடும் பட்டிகளுக்குப் பக்கத்திலேயே கஸ்தீலிய அரச சின்னம், இடையில் அரபு எழுத்தும். அதே அரசர் 1360இல் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார். 1492இல் யூதர் எல்லோரையும் நாட்டைவிட்டே துரத்தினார்கள். இப்போது இது ஸ்பானிய யூதரின் வரலாற்றைச் சொல்லும் செபார்த் அருங்காட்சியகம். பக்கத்திலுள்ள சாந்தா மரியா லா பிளாங்காவில் சாமான் ஒன்றும் இல்லை. வெள்ளை எண்கோணத் தூண்களும் குதிரைலாட வளைவுகளும் மட்டும். 15 நிமிடம் போதும். அதற்குக் கிட்ட சான் ஹுவான் தெ லொஸ் ரேயெஸ் மடாலயம். நேரமில்லாவிட்டால் உள்ளே போகாமல் வெளிச்சுவரை மட்டும் பாருங்கள். கிரனாடாவில் சிறையிருந்த கிறிஸ்தவரிடமிருந்து கழற்றிய சங்கிலிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அல்காசார் கோட்டைக்குள் இராணுவ அருங்காட்சியகம். அரை நாள் விழுங்கும். ஒரு நாள் பயணத்தில் அதை விடலாம். ஆனால் அந்தக் கோட்டைக்குத் தண்ணீர் ஏற்றிய கதையைச் சொல்லாமல் விடமுடியாது. கிணறும் துலாவுமாக வாழ்ந்தவர்கள் நாங்கள். ஹுவானெலோ துரியானோ என்ற மணிக்கூட்டுக்காரர் 1569 அளவில் ஆற்றின் ஓட்டத்தாலேயே இயங்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து, ஏறக்குறைய 100 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீரைப் படிப்படியாகக் கடத்தினார். தண்ணீர் அரசரின் கோட்டைக்குப் போகிறது, அரசர் காசு தரட்டும் என்றது நகரம். நகரத்துக்காகச் செய்தது, நகரம் தரட்டும் என்றது அரண்மனை. இரண்டு பேரும் கொடுக்கவில்லை. 1585இல் அவர் கடனாளியாகச் செத்தார்.

சாப்பாடு, குறிப்பாகச் சைவக்காரருக்கு

சமையலறைகள் ஒன்று, ஒன்றரைக்குத் திறந்து நாலு மணிக்கு மூடும். அதற்குப் பிறகு இரவு எட்டு வரை பாணும் கோப்பியும்தான். பிந்தினால் பசி. கிழமை நாட்களில் "மெனு தெல் தியா" என்று மதியச் சாப்பாடு கிடைக்கும். முதல் கறி, இரண்டாம் கறி, பாண், குடிவகை, பழமோ இனிப்போ எல்லாம் சேர்த்து 15 யூரோ முன்பின். சதுக்கத்தைப் பார்த்த மேசையில் இருந்தால் அதே சாப்பாட்டுக்குக் காசு கூட. இரண்டு ஒழுங்கை உள்ளே போங்கள்.

மச்சக்காரருக்கு இது சொர்க்கம். தக்காளியும் பட்டாணியும் போட்ட பன்றி இறைச்சிக் கறி கர்க்கமூசாஸ், கௌதாரி, மான். சைவக்காரருக்குத்தான் பொறிகள். "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் ஹாமும் மீனும் வரும். அவை இறைச்சிக் கணக்கில் பலருக்குச் சேராது. சலாட்டின் மேல் தூனா மீன் தானாகவே வரும். பருப்பு, கடலைக் கறிக்குள் சோரிசோ என்ற பன்றி இறைச்சிச் சொசேஜ் துண்டு கிடக்கும். பச்சை அவரையில்கூட ஹாம் தூவுவார்கள். ஆகவே "சோய் வெஹெத்தாரியானோ, சின் ஹமோன், சின் அதூன்" என்று மூன்றையும் சொல்லுங்கள். இன்னுமொரு பொறி: கஸ்பாச்சோ என்றால் குளிர்ந்த தக்காளிச் சூப், அது சைவம். ஆனால் இந்த மாநிலத்தில் "கஸ்பாச்சோ மஞ்செகோ" என்று எழுதியிருந்தால் அது முயலும் கௌதாரியும் போட்டு, தட்டை ரொட்டியைப் பிய்த்துப் போட்ட சூடான கறி.

நம்பிச் சாப்பிடக்கூடியது பிஸ்தோ. தக்காளி, கறிமிளகாய், சுக்கினி எல்லாம் எண்ணெயில் வதங்கியது. மேலே பொரித்த முட்டை வைப்பார்கள், வேண்டாமென்றால் சொல்லவேண்டும். அல்மாக்ரோ கத்தரிக்காய் ஊறுகாயைத் தேடிச் சாப்பிடுங்கள். குட்டிக் கத்தரியைச் சீரகம், உள்ளி, வினாகிரியில் ஊறவிட்டது, எங்கட நாக்குக்கு நேராக வரும். முட்டை சாப்பிடுகிறவருக்கு உருளைக்கிழங்குத் தோர்த்தியா எங்கேயும் கிடைக்கும். மஞ்செகோ பாற்கட்டி செம்மறிப் பாலில் செய்தது. வழமையாக அதை உறைய வைப்பது குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள், கடுஞ்சைவக்காரர் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். உறைப்பு எதிலும் இல்லை. பையில் ஒரு சின்னச் சரை மிளகாய்த்தூள் குற்றமில்லை.

பில்லை ஐந்தாகப் பிரித்துத் தரச்சொன்னால் பல கடைகளில் முகம் சுளிப்பார்கள். காலையிலேயே ஆளுக்கு 50 யூரோ வாங்கி ஒருவர் கையில் பொதுக்காசாக வைத்து, பஸ், ராக்சி, சாப்பாடு, ரிக்கற் எல்லாம் அதிலிருந்து போகட்டும். மிஞ்சியதைப் பின்னேரம் பிரித்துக்கொள்ளலாம்.

இனிப்பென்றால் மசப்பான். தோல் நீக்கிய பாதாமும் சீனியும் அரைத்துப் பிடித்து மேலே லேசாகச் சுடுவது. தொலேதோப் பெயருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அந்த முத்திரை உள்ள பெட்டியில் பாதியாவது பாதாம் இருக்க வேண்டும். பெட்டியைத் திருப்பிச் சேர்மானத்தைப் பாருங்கள், பாதாம் முதலாவதாக எழுதியிருக்க வேண்டும். மேல்மினுக்கத்துக்கு முட்டை பூசுவது வழக்கம். சில கன்னியர் மடங்களிலும் விற்கிறார்கள். அங்கே ஆளைக் காணமுடியாது. சுவரில் சுழலும் மரப்பெட்டியில் காசை வைத்தால் அது சுழன்று இனிப்போடு வரும்.

கறுத்த உருக்கில் தங்க நூல் அடித்த நகைகளும் தட்டுகளும் எல்லாக் கடையிலும் உண்டு. கையால் செய்ததில் கோடுகள் கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கும். எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் இயந்திரம், விலையும் அப்படித்தான் இருக்க வேண்டும். கடையின் ஒரு மூலையில் ஆள் இருந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தால் அங்கே வாங்குங்கள். வாள் வாங்க ஆசைப்படும் கூட்டாளிக்கு முதலே சொல்லிவையுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, கடிதம் கிழிக்கும் குட்டிக் கத்திக்கும் அதே கதைதான்.

பின்னேரம்

ஐந்து மணிக்குப் பிறகு சுற்றுலா பஸ்கள் போய்விடும். ஊர்ச் சனம் கதிரை போட்டு வாசலில் இருக்கும். அதனால் ஐந்து மணி ரயிலுக்குத் திரும்புவது நட்டம். எட்டு, எட்டரைக்குக் கிட்டிய ரயிலைப் பதிவு செய்யுங்கள். கடைசி ரயிலை நம்பி இருக்க வேண்டாம். அதைத் தவறவிட்டால் பஸ்தான், அதுவும் போனால் அறை தேட வேண்டும்.

யூதர் பகுதியிலிருந்து இறங்கினால் சான் மார்த்தின் பாலம். அங்கே நிற்கும்போது நீங்கள் குன்றின் மேற்கு அடிவாரத்தில், ரயில் நிலையமோ கிழக்கே. திரும்ப ஏறி நடக்கிற பிழையைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். ராக்சிக்குச் சொல்லி ஆற்றின் தென்கரை வீதியால் மிராதோர் தெல் வாயே பார்வையிடத்தில் நிறுத்தி, பிறகு நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஐந்து பேர் என்றால் பெரிய வண்டி வேண்டும் என்று முன்பே கேட்கவேண்டும், சாதாரண ராக்சியில் நாலு பேர்தான். காசை மிச்சம்பிடிப்பவர்கள் சொக்கொதோவேரிலிருந்து அதே பக்கம் போகும் நகர பஸ்ஸையோ சுற்றுலாக் குட்டி ரயிலையோ எடுக்கலாம். குட்டி ரயில் 45 நிமிடத்தில் சுற்றிக்காட்டும், வலப்பக்க இருக்கையில் இருந்தால் பார்வை கிடைக்கும்.

பார்வையிடத்தில் நின்றால் ஆறு வளைவதும் பேராலயக் கோபுரமும் அல்காசாரும் ஒரே படத்துக்குள் வரும். யூனில் சூரியன் மறைய ஒன்பதரை தாண்டும், ஒக்டோபர் நடுவில் ஏழரை அளவில். ரயில் நேரத்தை அதற்கேற்ப எடுங்கள். ராக்சிக்காரரைக் காத்திருக்கச் சொன்னால் மீற்றர் ஓடும், 15 நிமிடத்துக்கு அது பெரிய காசில்லை. அவரை அனுப்பிவிட்டால் அந்த வீதியில் இன்னொரு ராக்சி தானாக வராது. நிலையத்துக்கு ரயிலுக்கு 25 நிமிடம் முன்னர் வந்தால், காலையில் பார்க்காமல் விட்ட மர விதானத்தையும் ரிக்கற் கவுண்டரின் மரவேலையையும் பார்க்க நேரமிருக்கும்.